நஸ்றின் கேட்ட ஒரு நாள்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்போதும் குரல்பதிவு அனுப்புகிற உம்மா இன்றைக்கு ஏன் எழுதியிருக்கிறாள் என்று யோசிப்பாய். குரலில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். நீ பயந்துபோய் உடனே போன் எடுப்பாய், கதை வேறு பக்கம் போய்விடும். எழுதும்போது நிறுத்தலாம், முகம் கழுவிவிட்டு வந்து தொடரலாம். நீயும் வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. வாசித்து முடிக்கும்வரை எனக்கு எடுக்காதே.

என் மருமகள் நஸ்றின் நேற்று இங்கே வந்திருந்தாள். உன்னைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை, அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. அவளுடைய உம்மா ஆக்கிய தேங்காய்ப்பால் ஆணம் கொஞ்சம் கொண்டுவந்து தந்துவிட்டு, எனக்கு இறால் உரித்துத் தந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுடைய கூட்டாளி ஒருத்தி போன் எடுத்தாள். நஸ்றின், "நான் வரல்ல புள்ள, நீங்க போய் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு உரித்த இறாலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். தன்னோடு படித்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேனில் அறுகம்பேக் கடலுக்குப் போகிறார்கள் என்றும், காலையில் போய், பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்குள் திரும்பிவிடுவார்கள் என்றும், நீ வேண்டாம் என்றதாகவும் சொன்னாள். வெள்ளைக்காரர் கூத்தடிக்கிற இடம், ஊர் ஆக்கள் கதைப்பார்கள், லீவில் வரும்போது நானே கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னாயாம். நீ கோபமாகச் சொல்லவில்லை என்பதையும் அவளே இரண்டு தரம் சொன்னாள்.

உன் பயம் எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து நஸ்றின் எப்படி இருக்கிறாள் என்று நீ பார்க்கவில்லை, நான் பார்க்கிறேன். எல்லாரோடும் சிரிக்கிறாள், எல்லா வேலையும் செய்கிறாள். எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளுடைய உம்மா, அல்லாஹ் நாடினால் இன்னொன்று கிடைக்கும் என்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் அவள் எங்களிடம் என்ன சொல்ல முடியும்? அதனால்தான் நான் கூட்டாளிமாரோடு அறுகம்பேக்குப் போன கதையை உனக்குச் சொல்கிறேன். உன் உம்மா போனவள்தான். ஒரு தரம் இல்லை, பல தரம்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கச் சேர்ந்த புதிதில் நாங்கள் நாலு பேர் ஒட்டிக்கொண்டோம். நான், ஹசீனா, றமீசா, சுமதி. சுமதி பாண்டிருப்பைச் சேர்ந்தவள், அவளுடைய அப்பா கடற்தொழில் செய்தவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க வந்த தமிழ் டீச்சர். முதலாம் நாள் இடைவேளையில் தனியாக இருந்து சாப்பிட்டவளை ஹசீனா கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் மேசையில் இருத்தினாள். அதற்குப் பிறகு அந்த மேசை நாலு பேருடையதாகவே இருந்தது. சண்டை நின்று, வீதியெல்லாம் திறந்திருந்த காலம் அது. பள்ளிக்கூட லீவு விட்டால் றமீசாவின் கூடப்பிறந்த காக்கா தன்னுடைய வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். அக்கரைப்பற்று தாண்டி, திருக்கோவில், கோமாரி என்று போய், பொத்துவில்லில் தேநீர் குடித்து, பாலம் தாண்டினால் அறுகம்பே. காக்கா வேனை மர நிழலில் விட்டு நித்திரை கொள்வார். நாங்கள் ஆக்கள் இல்லாத பக்கமாகப் போய், போட்டிருந்த உடுப்போடு இடுப்புத் தண்ணீரில் இருப்போம். அலை அடித்துத் தூக்கும்போது ஹசீனா போடுகிற சத்தம் கரைக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் அவள் பிரம்போடு நடந்து வந்தால் பெரிய வகுப்புப் பையன்களே ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஹசீனாவா இவள் என்று நாங்கள் சிரிப்போம்.

உன் வாப்பா ஒரு நாளும் தடுக்கவில்லை. அவருடைய உம்மாவுக்கு இது பிடிக்காது. கல்யாணம் முடித்த பொம்புளைக்கு என்ன ஊர் சுற்றல் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். அவரோ அடுத்த பயணத்துக்குக் கொறிக்க நிலக்கடலை வாங்கிவந்து என் கையில் தந்தார். நீ அப்போது கைப்பிள்ளை. உன்னைச் சாச்சியிடம் விட்டுவிட்டுப் போவேன்.

பிறகு கடல் வந்தது. அந்தக் காலையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் றோட்டைத் தாண்டி, ஓடுகிற சனத்தோடு சேர்ந்து மாவடிப்பள்ளி வயல் பக்கம் ஓடியது லேசாக நினைவிருக்கிறது என்றுகூட நீ சொல்வாய். உனக்கு நான் சொல்லாதது ஹசீனாவைப் பற்றி. அவளுடைய வீடு கடற்கரையில் இருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அவளுடைய உம்மாவைத் தூக்கப் போனவள் வெளியே வரவில்லை. செத்தவர்களின் மையித்துகளை நிரையாக வைத்திருந்த இடத்தில் றமீசாதான் அவளை அடையாளம் கண்டாள். சுமதி வீட்டில் எல்லாரும் உயிர் தப்பினார்கள், ஆனால் அவளுடைய அப்பாவின் தோணியும் வலையும் போய்விட்டன. கடலை நம்பியே வாழ்ந்த அந்த மனிதர் அதற்குப் பிறகு கடல் பக்கம் திரும்பி இருந்து சாப்பிடவும் மாட்டார் என்று அவள் சொன்னாள். நாங்களும் அப்படித்தான். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, வருசக்கணக்கில் கடலைப் பார்க்கவில்லை. கடற்கரை வீதியால் போக வேண்டி வந்தால் சுற்றுப் பாதையில் போவேன்.

அதற்குள் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. கிழக்கில் முடிந்து வடக்குக்குப் போனது. அந்தக் கடைசி வருசம், வன்னியில் சனம் செத்துக்கொண்டிருப்பதாக றேடியோ கேட்கிறவர்கள் மெல்லிய குரலில் கதைத்த காலத்தில், சித்திரை லீவுக்குக் கொஞ்சம் முந்தி, றமீசா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "இப்பிடி முகத்தத் திருப்பிக்கிட்டே மௌத்தாகப் போறமா? ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவம்." நான் பயந்தேன். சுமதி உடனே ஓம் என்றாள். அவள் ஓம் என்றதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. அந்த நாட்களில் அவள் பாண்டிருப்பை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவதைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். எங்களோடு சிநேகிதமாவதற்கு முன்னமே, மீசை அரும்புகிற வயதில், இயக்கத்துக்குப் போனவன். தானாகப் போனானா, கொண்டுபோனார்களா என்று நாங்கள் கேட்டதில்லை. அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றிவளைப்புக்கும் பயந்து, அவன் இருந்த படங்களையெல்லாம் அவளுடைய அம்மா அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். குடும்பப் படத்தில் அவன் நின்ற பக்கத்தை வெட்டியெடுத்து எரித்தாராம்.

லீவு விட்டதும் ஒரு நாள் காலையில் வெளிக்கிட்டோம். சுமதியைப் பாண்டிருப்புச் சந்தியில் ஏற்றினோம். திருக்கோவில்வரை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி, கோமாரிக்கு முந்தி, இரண்டு பக்கமும் பற்றைக்காடு வெட்டித் தள்ளியிருந்த இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. தார்ப் பீப்பாக்கள், மண்மூட்டை, தகரக் கொட்டில். இறங்கி நடக்கச் சொன்னார்கள். அடையாள அட்டைகளை வாங்கினவர், எங்கள் இருவருடையதையும் பார்த்துத் திருப்பித் தந்தார். சுமதியுடையதைத் தரவில்லை. அதை உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சிப்பாய் வந்து சுமதியைக் கையால் கூப்பிட்டாள். சுமதி தன் கைப்பையை என்னிடம் தந்தாள். ஏன் தந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. திரும்பி வரமாட்டோம் என்று நினைக்கிறவள் தருகிற மாதிரித் தந்தாள். கொட்டிலின் வாசலில் ஒரு சாக்குத் திரை தொங்கியது. அதை விலக்கி உள்ளே போனாள்.

வேன் போகலாம் என்று சைகை காட்டினார்கள். நாங்கள் அசையவில்லை. மறுபடியும் காட்டினார்கள். றமீசாவின் காக்கா நல்ல மனிதர், கோழை இல்லை. ஆனால் அவருக்கும் வீட்டில் பிள்ளைகள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏறுங்க தங்கச்சி. பொத்துவில்லுக்குப் போய் ஆராவது பெரிய ஆளப் புடிச்சிக் கதைப்பம். இஞ்ச நிண்டா நமக்கும் சேத்துத்தான் கரச்சல்."

றமீசா வேனின் கதவை இழுத்துச் சாத்தினாள், வெளியில் நின்றபடியே. "நீங்க போறண்டாப் போங்க காக்கா. நாம போனா, அவள் வந்த ஆதாரமே இரிக்காது."

அந்தக் காலத்தில் ஒருவர் சாவடிக்குள் போய்க் காணாமல் போவதென்றால் என்ன என்று உன் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. கண்டவர் இல்லை என்றால் நடந்ததும் இல்லை என்று ஆகிவிடும். உம்மா பெரிய வீரம் செய்தாள் என்று நினைக்காதே. உன்னை நினைத்தேன். எனக்கு ஏதும் ஆனால் உன்னை ஆர் பார்ப்பது என்று நினைத்தேன். இருந்தும் வேனில் ஏற முடியவில்லை. வீதியோரத்தில், வெட்டிப் போட்ட பற்றையின் பக்கத்தில், நானும் றமீசாவும் மண்ணில் இருந்தோம். காக்கா வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, எங்களுக்குப் பின்னால் நின்றார்.

துப்பாக்கியோடு ஒருவர் வந்து எழும்பச் சொன்னார். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், உள்ளே இருப்பவள் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், அவள் இல்லாமல் போக மாட்டோம் என்றேன். அவர் கத்தினார். நான் என் அடையாள அட்டையை எடுத்து நீட்டி, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை வாங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன். இளம் ஆள். எங்களை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கையில் துப்பாக்கி இருக்கிற ஒருவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போவதைப் போல் பயமான ஒன்று இல்லை, மகன். அவர் திரும்பிப் போய்விட்டார். வெயில் ஏறியது. கொட்டிலுக்குள் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். றமீசா உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள். போகிற வாகனத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காக்கா உன் வாப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. உச்சி சாய்ந்து லுஹர் நேரம் தாண்டியிருக்கும், வடக்குப் பக்கமிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் வருவதைக் கண்டேன். கடையைப் பூட்டிவிட்டு, அத்தனை சாவடிகளிலும் இறங்கி ஏறி வந்திருக்கிறார். இந்தச் சண்டைக்குள் என்ன பயணம், இதற்குத்தானா கூட்டாளிமார் என்று கேட்பார், கேட்டால் அது நியாயம்தான் என்று நினைத்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி, சாவடிக்காரரிடம் போய்த் தன் அட்டையைக் காட்டி என்னவோ கதைத்தார். பிறகு எங்களிடம் வந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். "தண்ணி குடிச்சீங்களா ரெண்டு பேரும்?" என்றார். பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தார். அவ்வளவுதான். எழும்பு போவோம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் எழும்பியிருப்பேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. அவர் இருந்துவிட்டார். தனக்குச் சமமான மனுசியாக அவர் என்னை அன்றைக்கு நடத்தியதை, அவர் மௌத்தாகும்வரை நான் மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை. அல்லாஹ் அவருடைய கபுறை வெளிச்சமாக்கட்டும்.

பின்னேரம், அசருக்குச் சற்று முந்தி, சாக்குத் திரை விலகி சுமதி வெளியே வந்தாள். நடந்துதான் வந்தாள். ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் முகம் அவளுடையதாக இருக்கவில்லை. றமீசா கட்டிப்பிடித்தபோது கை இரண்டும் தொங்கினபடியே நின்றாள். அட்டையைத் திருப்பித் தந்தார்கள், போகச் சொன்னார்கள். வேனுக்குள் ஏறினதும் காக்கா வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார். சுமதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அங்கால போவம். கடலுக்குப் போவம். இப்ப வீட்ட போனா அம்மா என்ட முகத்தப் பாத்தே கேப்பா."

காக்கா உன் வாப்பாவைப் பார்த்தார். உன் வாப்பா, "போவம்" என்றார். மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்.

அறுகம்பே மாறியிருந்தது. நாங்கள் உடுப்பு மாற்றுகிற விடுதி இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மணலுக்குள் தெரிந்தது. வெள்ளைக்காரர் ஓரிருவர் இருந்தார்கள். கடல் அதே கடல். அதைக் கண்டதும் ஹசீனாவின் சத்தம் காதில் கேட்டது. ஆனால் அன்றைக்குக் கடலுக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. சுமதி நேரே தண்ணீருக்குள் நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு இரு பக்கமும் ஓடினோம். வாப்பாவும் காக்காவும் கரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அலைச் சத்தத்துக்குள் சுமதி எங்களுக்குச் சொன்னாள்.

உள்ளே அவளை ஒரு கதிரையில் இருத்தி, திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி எங்கே, எப்போது போனான், யாரோடு கதைத்தான். கடைசியில் ஒரு படத்தை முன்னால் வைத்திருக்கிறார்கள். இவனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவன்தான்," என்றாள் சுமதி. "மெலிஞ்சி போயிருந்தான். தாடி வளத்திருந்தான். நெத்தியில அந்தத் தழும்பு அப்பிடியே. எத்தின வருசத்துக்குப் பிறகு அவன்ட முகத்தப் பாக்கிறன். தெரியாதெண்டு சொன்னன். நல்லாப் பாருங்க எண்டு கிட்டக் கொண்டுவந்து காட்டினாங்க. நல்லாப் பாத்தன். பாத்துட்டு, தெரியாதெண்டு சொன்னன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். தலையைத் தண்ணீருக்குள் அமுக்கி அமுக்கி அழுதாள். கரைக்குக் கேட்டிருக்காது. அலை வரும்போது நாங்கள் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். றமீசா அவளுடைய தலைமுடியை ஒதுக்கி ஒதுக்கிவிட்டாள். நான் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. மஃரிபுக்கு முந்தி ஊர் திரும்பியாக வேண்டும் என்று வாப்பா கரையில் இருந்து கையசைத்தபோதுதான் ஏறினோம். வேனில் வரும்போது சுமதி என் மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டாள். அந்தச் சாவடியில் மறுபடியும் இறக்குவார்கள் என்று பயந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு ஆக்கள் நின்றார்கள். கையசைத்து விட்டுவிட்டார்கள்.

அவள் அதைத் தன் அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால், அந்த மனுசி நம்பிக் காத்திருப்பார். எங்கே என்று கேட்பார். பயந்து ஊரெல்லாம் கேட்டுத் திரிவார். கொஞ்ச நாளில் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். சுமதி லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினாள். காட்டிக் கேட்க ஒரு படம் இருக்கவில்லை, மகன். வாயால்தான் சொல்ல வேண்டும்: உயரம் இவ்வளவு, நெற்றியில் தழும்பு, தாடி இருக்கலாம் என்று. தாடி என்று எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டபோது, நினைப்பில் சொல்கிறேன் என்றாளாம். அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அம்மா காத்திருந்தே கண்ணை மூடிவிட்டார்.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்று சுமதியிடமே கேட்டேன். அவள், "எழுதுங்க. அண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் இல்லாட்டி, அந்தத் தெரியாது எண்ட சொல்லு எனக்குள்ளயே கிடந்து என்னச் சாகடிச்சிருக்கும்" என்றாள்.

மகன், வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறோம். ஆனால் சில துக்கத்தை வீட்டுக்குள் சொல்ல ஏலாது. சொன்னால் கேட்கிறவர்கள் உடைந்துபோவார்கள், அவர்களைத் தேற்றுகிற வேலையும் சொன்னவள் தலையிலேயே விழும். நஸ்றின் எங்கள் முன்னால் அழாமல் இருப்பது அதற்காகத்தான். உன்னிடம் அழாமல் இருப்பதும் அதற்காகத்தான், நீ தனியாக ஓர் அறையில் இருந்துகொண்டு என்ன செய்வாய் என்று. நீ லீவில் வந்து கூட்டிப்போவது வேறு பயணம். அதையும் போங்கள், சந்தோசமாகப் போங்கள். அவள் கேட்பது அது இல்லை. தன்னோடு படித்து, தன்னோடு சண்டை பிடித்து, தன்னைத் தேற்ற வேண்டிய கடமை எதுவும் இல்லாத ஒரு சிலரோடு ஒரு பகல்.

ஊர் கதைக்கும் என்றாய். கதைக்கட்டும். எங்களையும் கதைத்தது. பாதை எங்களுக்கு இருந்ததைப்போல் இப்போது இல்லை. கோமாரிக்கு முந்தி இருந்த அந்தச் சாவடி இப்போது இல்லை, பற்றை வளர்ந்து மூடிக் கிடக்கிறது. அந்தப் பயத்தை நாங்கள் பட்டோம். அந்தப் பயத்தின் மிச்சத்தை நீ அவள் மேல் சுமத்தாதே.

நான் அவளிடம் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், மாமி சொன்னால் தட்டமாட்டாள். ஆனால் பிறகு உனக்கும் அவளுக்கும் நடுவில் நான் நிற்பேன், அது எனக்கு வேண்டாம். நாளைக்கு விடிய சுபஹு தொழுதுவிட்டு நீயே அவளுக்கு எடு. உம்மா எழுதினா என்று சொல்லாதே. போகலாம் என்றும் சொல்லாதே, அனுமதி கொடுக்கிற ஆள் மாதிரி இருக்கும். எந்த நாள் போகிறீர்கள் என்று கேள். ஆர் ஆர் வருகிறார்கள் என்று கேள், அந்தப் பெண்களின் பேரைத் தெரிந்துகொள். அவள் கொஞ்சம் திகைத்துப்போய் மௌனமாக இருப்பாள். அந்த மௌனத்தை நீ கதைத்து நிரப்பாதே, மகன். போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இரு.

உன் உம்மா